இராணுவத்துக்கு ஒரு ரூபாய்

திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் என் மேசையில் உட்காரப் போகிறீர்கள். எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. அதற்குள் பென்ஷன் வாங்குகிறவனைப் போல அறிவுரை எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் ஒரு எம்.பி.க்கு உதவியாளனாக ஐந்து வருடம் குப்பை கொட்டியவனிடம் சொல்ல ஒன்றாவது இருக்கும். எனக்கு இருப்பதும் ஒன்றுதான். அது ஒரே ஒரு பகல் பற்றியது.

ரயில் டிக்கெட் எடுப்பது, சிபாரிசுக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது, கல்யாணப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்குவது, இதெல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். பாராளுமன்ற விதிப் புத்தகம்தான் கைவராது. நான் சேர்ந்த புதிதில் அதைக் கதைப் புத்தகம் போல விழுந்து விழுந்து படித்தேன். அத்தாவின் ஜவுளிக்கடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்துப் பட்டம் வாங்கியவன் நான். கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டே டெல்லியை ஆட்டிவைக்கலாம் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

இராணுவத்துக்கு ஒரு வருடச் செலவு எப்படி அனுமதியாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவழிக்க முடியாது. ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று மக்களவையில் கேட்க வேண்டும். அதற்கு மானியக் கோரிக்கை என்று பெயர். உறுப்பினர்கள் தொகையைக் கூட்ட முடியாது, குறைக்கச் சொல்லலாம். அப்படிச் சொல்வது வெட்டுத் தீர்மானம். அதில் மூன்று வகை. முதல் வகையில், மொத்தத் தொகையையும் நீக்கி ஒரு ரூபாய் மட்டும் கொடு என்று கேட்பார்கள். உன் கொள்கையே எனக்குப் பிடிக்கவில்லை என்று அதற்குப் பொருள். இரண்டாவது, சிக்கனத்துக்காகக் கொஞ்சம் குறைக்கச் சொல்வது. மூன்றாவது வகையில் தொகையில் நூறு ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்வார்கள். அந்த நூறு ரூபாய் வெறும் சாக்கு. அதை வைத்து ஒரு குறையை எழுந்து பேசலாம். பேசியபின் வாபஸ். எல்லாம் முடிந்து ஓட்டுக்கு விட்டு, முழுத்தொகையும் நிறைவேறும்.

இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது பாதிதான் தெரிந்தது.

நாங்கள் பேச நினைத்த குறை கல்வராயன் மலையைப் பற்றியது. வெள்ளையன் என்று ஒருவன், வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் இடையே ஜீப் ஓட்டுகிறவன், மனு கொண்டுவந்திருந்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தும் அரை அங்குலம் உயரம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வடக்கே சில மலைகளில் பிறந்தவர்களுக்கு உயரத்தில் சலுகை உண்டாம். நம் மலை அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த வருடம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எம்.பி. மனுவைக் கேட்டுவிட்டு, "எழுதி அனுப்புப்பா" என்றார்.

எழுதி அனுப்புவது எப்படி என்றால், மேசையின் இழுப்பறையில் அவர் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள்கள் ஒரு கட்டு இருக்கும். ஊர் ஊராகச் சுற்றுகிற மனிதர் அவர். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மொத்தமாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். எங்கள் அலுவலகத்தில் மட்டும் இல்லை, எல்லா அலுவலகத்திலும் இதுதான் வழக்கம். அதில் ஒன்றை எடுத்து டைப்ரைட்டரில் சொருகினேன். புத்தகத்தில் மூன்று வாசகங்கள் இருந்தன. இராணுவத்தின் பணத்தில் கை வைக்கிறோம், நூறு எதற்கு, ஒரு ரூபாயே போதும், அதுதான் மரியாதை என்று முடிவு செய்து முதல் வாசகத்தை அடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை. டெல்லிக்கு அனுப்பிவைத்தேன்.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு டெல்லியிலிருந்து டிரங்க் கால் வந்தது. பேசியவர் அங்கே எங்கள் கட்சி எம்.பி. இன்னொருவரிடம் இருபது வருடமாக இருந்த உதவியாளர். பெயர் வேண்டாம். எங்கள் காகிதங்களையும் அவர்தான் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் உறை போய்ச் சேர்ந்த அன்று அவருக்குக் காய்ச்சல், அவரிடம் வேலை பார்த்த வேறொருவர் உறையைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, இது உங்க ஆளு படிச்சிப் பாத்துட்டுப் போட்ட கையெழுத்தா?" என்றார்.

நான் இழுப்பறையைப் பார்த்தேன்.

"சரி, புரிஞ்சுது" என்றார்.

பிறகு அவசரம் இல்லாமல் விளக்கினார். எங்கள் கட்சி ஆட்சியை ஆதரிக்கிற கட்சி. நூறு ரூபாய்த் தீர்மானம் என்றால் கட்சித் தலைவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பாதுகாப்புத் துறைக்கு ஒரு ரூபாய் போதும் என்று ஆதரவுக் கட்சிக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவர் அரசைக் கவிழ்க்க எதிர்க்கட்சியோடு சேர்ந்துவிட்டார் என்றுதான் படிப்பார்கள். நாளை மதியம் தீர்மானங்களின் பட்டியல் அச்சுக்குப் போகிறது. நாளை மறுநாள் விவாதம். அச்சில் பெயர் வந்துவிட்டால் உங்கள் ஆளுக்குக் கட்சியில் இடம் கிடையாது, உனக்கு வேலை கிடையாது. அதற்குள் வாபஸ் தந்தி வரவேண்டும். "அவர் பேர்ல நீயே அடிச்சிடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். லைன் அறுந்தது.

இழுப்பறையைத் திறந்தேன். தந்தி ஆபீஸ் நான்கு தெரு தள்ளி. பத்து நிமிட வேலை. கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. நாளை மறுநாள் டெல்லியில் யாராவது ஒருவர், "ஏன்யா போட்டீர், ஏன்யா எடுத்தீர்?" என்று அவரைக் கேட்பார். இரண்டையுமே கேள்விப்படாத மனிதர் நடு ஹாலில் திருதிரு என்று விழிப்பார். அதைவிட மோசமாக வேறொன்றும் இல்லை. இது நேர்மை என்று நினைக்காதீர்கள். பயத்தில் போட்ட கணக்குதான். அவரிடம் போய்ச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர் வெள்ளிமலையில் பாரஸ்ட் ரெஸ்ட் ஹவுஸில் இருந்தார். குடிநீர்த் திட்டம் பார்வையிட என்று பெயர். உண்மையில் ஒளிந்திருந்தார். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தீயாய் நடந்த வருடங்கள் அவை. அறிவித்த மறியல் ஒன்று என்றால் அறிவிக்காத மறியல் நான்கு. எம்.பி. வந்து எங்கள் பக்கமா இல்லையா என்று சொல்லட்டும் என்று ஊருக்கு ஊர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று சொன்னால் டெல்லியில் வம்பு, இல்லை என்று சொன்னால் வீடு திரும்ப முடியாது. யார் கேட்டாலும் சேலத்தில் இருக்கிறேன் என்று சொல் என்பது எனக்கு உத்தரவு.

நோட்டீசின் கார்பன் நகல், விதிப் புத்தகம், இரண்டு வெற்றுக் காகிதம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன். கையெழுத்துப் போட்ட தாள்களை வேண்டுமென்றே பூட்டிவிட்டு வந்தேன். ரோட்டில் ஒரு பஸ் இல்லை, ஒரு மாட்டு வண்டி இல்லை. மத்தியான வெயிலில் அவ்வளவு காலியான ரோட்டை நான் பார்த்ததில்லை. வழியில் டீக்கடைகள் எல்லாம் தட்டி போட்டு மூடிக் கிடந்தன. என் மொபெட் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது.

வடக்கனந்தலுக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் புளி மூட்டைகளோடு ஒரு ஜீப் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் வெள்ளையன்.

"பாயி, எங்க போற?" என்று ஒருவன் வண்டிச் சாவியைப் பிடுங்கினான். வெள்ளிமலைக்கு என்றேன். "அங்க இன்னா கடையா தொறந்து வச்சிருக்க?" என்றான். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது தப்பு. சிரிப்பு உடனே நின்றுவிட்டது.

ஒருவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. எம்.பி. எங்கே என்று கேட்டார். சேலத்தில் என்றேன்.

"சேலத்துல இருக்கிற ஆளுக்கு நீ இன்னாத்துக்கு மலையப் பாத்துப் போய்க்கினு இருக்க?"

யாரோ பையை வாங்கி, விரித்த துண்டின் மேல் கொட்டினார்கள். கார்பன் நகலை ஒருவர் எடுத்தார். சாயம் போன பச்சைப் பேண்ட், ஒட்ட வெட்டிய முடி. லீவில் வந்த பட்டாளத்துக்காரர், எல்லாரும் அவரை மிலிட்டரி என்றே கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி, உதடு அசையப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"ராணுவத்துக்கு ஒரு ரூபா போதும்னு எழுதியிருக்கு. யாரு எழுதனது, எம்.பி.யா?"

பின்னால் நின்ற கூட்டம் நெருங்கி வந்தது. ஒருவர் கையில் மரம் வெட்டிய அரிவாள் அப்படியே இருந்தது. எம்.பி. என்று சொல்லியிருந்தால் அவர்கள் கோபம் அவரைத் தேடி மலைக்குப் போயிருக்கும்.

"நான்தாங்க. தப்பா எழுதிட்டேன். அத மாத்தத்தான் போறேன்."

எப்படித் தப்பு என்று கேட்டார். சொன்னேன். அந்த நடுரோட்டில், அரிவாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மானியக் கோரிக்கை என்றால் என்ன, மூன்று வகை வெட்டு என்ன என்று உங்களுக்குச் சொன்ன அத்தனையும் சொன்னேன். மலைப் பையன்களின் உயரத்தைப் பேசத்தான் இத்தனையும் என்றபோது, ஜீப்பில் இருந்த வெள்ளையன் இறங்கி மரத்தருகே வந்து நின்றான்.

மிலிட்டரி நான் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். "நூறு ரூபா கொறைன்னு சொன்னாதான் வாயத் தொறக்க வுடுவாங்களா?"

"ஆமாங்க. பேசிட்டு வாபஸ் வாங்கிப்பாங்க. பணம் ஒண்ணும் கொறையாது."

அவர் புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தார். "நாங்களும்தான் இத எடுத்துடுவோம். அதுக்குள்ள எவனாவது வந்து, இன்னா வேணும் ஒங்களுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கணும்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேல இருக்கிற ஆள எறங்கி வந்து எங்க மனுவ வாங்கச் சொல்லு. ஒன் வண்டி இங்கயே இருக்கட்டும்."

மேலே இருக்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லாததும் ஒரு பதிலாகிவிட்டது.

வெள்ளையன் மூட்டைகளை அங்கேயே இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டான். மலை வளைவுகளில் அவன் ஹார்ன் அடிக்கவே இல்லை. எதிரே வர யார் இருக்கிறார்கள்?

எம்.பி. வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நகலை நீட்டினேன். படித்து முடித்ததும் அவர் முகம் வெளுத்ததை அப்படியே பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"கையெழுத்துப் போட்ட தாளு ஒங்கிட்டதான இருக்கு? நீயே ஒரு தந்தி குடுத்திருக்கலாமே. எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த?"

"தலைவர் கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க?"

எழுது என்று பேனாவை நீட்டினார். நான் எழுதிய வாபஸ் வாசகத்தை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து இரண்டு பிரதிகளில் கையெழுத்துப் போட்டார். ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்று ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். இதோடு நூறு ரூபாய்த் தீர்மானமும் ஒன்று சரியாக எழுதிவிடலாமா, இன்னும் நேரம் இருக்கிறது என்றேன்.

"இப்ப ராணுவம்ன்ற வார்த்தையே என் வாயில வரக்கூடாதுப்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

வெளியே வெள்ளையன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்காது.

மறியல்காரர்கள் மனு கொடுக்கக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் எழுந்தேவிட்டார். "நான் இங்க இருக்கறத சொன்னியா?" சொல்லவில்லை, தெரிந்துகொண்டார்கள் என்றேன். கால் மணி நேரத்தில் அவர் கார் கருமந்துறை வழியாக ஆத்தூர் பக்கம் இறங்கிப் போய்விட்டது. மனுவை நீயே வாங்கி வா என்று மட்டும் சொன்னார்.

இறங்கும்போது பாதி வழியில் வெள்ளையன் கேட்டான்: "எங்க விசயத்த எழுதிட்டீங்களா சார்?"

"போய்க்கினு இருக்கு" என்றேன்.

இந்த வேலையில் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற வார்த்தை அது. அன்றைக்குச் சொன்னதை மட்டும் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மரத்தருகே வந்து சேர்ந்தோம். கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. ஜீப்பின் பின்னால் கார் வருகிறதா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மிலிட்டரி மட்டும் என்னையே பார்த்தார். பொய் சொல்ல ஆறேழு வாசகம் மனதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

"கருமந்துறை வழியா போயிட்டாருங்க."

ஒரு கல் வந்து ஜீப்பின் பானெட்டில் விழுந்தது. எறிந்தவனைப் பார்த்து மிலிட்டரி கையை உயர்த்தினார். என்னிடம் கையை நீட்டினார். கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தேன். அதைக் கிழித்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. ஆத்தூர் வழியில் என்ன நடக்கிறதோ யாருக்குத் தெரியும். அவர் முன்போலவே உதடு அசையப் படித்தார்.

"இதுல வாபஸ் மட்டும்தான் இருக்கு. மலப்பசங்க ஒயரம்னு சொன்னியே, அது எங்க?"

வெள்ளையன் எனக்குப் பின்னால் நின்றான். நான் திரும்பவில்லை.

"இந்த வருசம் இல்லங்க."

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிடும்" என்றான் வெள்ளையன். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான். பிறகு தன் புளி மூட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்தான்.

மிலிட்டரி தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இவன அடிச்சி இன்னா ஆவப்போவுது? வுடு" என்றார் மற்றவர்களிடம். அவர்கள் மனுவை என் கையில் கொடுத்தார்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேர் கிளைகளை விலக்கி என்னைத் தாண்டவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற என் மொபெட்டைத் திருப்பி நிறுத்தி, சாவியையும் கொடுத்தார்கள். எனக்கு அன்று மிகப் பயமாக இருந்தது அந்தக் கணம்தான். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

தந்தி ஆபீஸ் சாத்துகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். படிவத்தை நிரப்பும்போது பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. மறுநாள் மதியம் வரை டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணிக்கு டெல்லிக் குரல் வந்தது: "பேரை எடுத்தாச்சு தம்பி. போய்ச் சாப்பிடு." எம்.பி. ஆத்தூரில் கொடுத்த தந்தி அன்று மாலைதான் போய்ச் சேர்ந்ததாம்.

மறுநாள் தொடங்கிய விவாதத்தின் முடிவில் பாதுகாப்புத் துறைக்கான தொகை ஒரு பைசா குறையாமல் நிறைவேறியது. எங்கள் எம்.பி.யும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். தலைவர் ஏன் போட்டீர், ஏன் எடுத்தீர் என்று கேட்டாராம். பதில் தயாராக இருந்ததாம். அவ்வளவு பேச்சிலும் கல்வராயன் மலை என்ற பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு சேதி. அந்த இழுப்பறை இப்போது காலி. அவர் டெல்லியிலிருந்து திரும்பிய அன்றைக்கே அந்தக் கட்டை அவர் கையில் கொடுத்து, இனி எழுதியபின்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் மறுபடியும் உங்களிடம் நீட்டுவார். நல்ல மனிதர், நம்பித்தான் கொடுப்பார். வாங்காதீர்கள். வெற்றுத்தாளில் இருக்கும் கையெழுத்து பார்க்கச் சாதுவாக இருக்கும். அதில் நீங்கள் எழுதுகிற தப்புக்கு நீங்கள் மட்டும் விலை கொடுக்க மாட்டீர்கள்.

அடுத்த வருடம் நூறு ரூபாய் நோட்டீஸ் கொடுத்தோம். அந்த வருடம் பாதுகாப்புத் துறை விவாதத்துக்கே வரவில்லை. கடைசி நாள் மாலை மிச்சமிருந்த அமைச்சகங்களின் கோரிக்கைகளை எல்லாம் ஒரே மூச்சில் ஓட்டுக்கு விட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் எங்கள் முறை வருவதற்குள் நேரம் முடிந்தது. இந்த வருடம்தான் எம்.பி. எழுந்து நான்கு நிமிடம் பேசினார். பரிசீலிக்கிறோம் என்று அமைச்சர் பதில் சொன்னார்.

போன மாதம் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். அதே ஜீப். வெள்ளையன் மீசை வைத்திருக்கிறான், ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. விவரம் சொன்னேன்.

"நம்ம மல பேர அங்க சொன்னாங்களா சார்?"

"சொன்னாங்க. எழுதியும் வச்சிக்கினாங்க."

கொஞ்சம் யோசித்தான். "அந்த நூறு ரூபா கொறச்சாங்களா?"

"இல்ல. வாபஸ் வாங்கிட்டோம். அதுதான் வழக்கம்."

"அப்ப யாருக்கும் நஷ்டம் இல்ல" என்றான். பிறகு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வண்டியைக் கிளப்பினான்.